டிராயிங் மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை

என் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்துவிட்டாள். வீட்டில் சண்டைக்கு அதுதான் காரணம். சுமாராக எடுத்திருந்தால் கிடைத்த குரூப்பில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம். நல்ல மார்க்கை வைத்துக்கொண்டு, பதினொன்றாம் வகுப்பில் ஆடை வடிவமைப்பு குரூப்தான் எடுப்பேன் என்று நின்றாள். எங்கள் ஊர் அரசுப் பெண்கள் பள்ளியில் அந்தப் பிரிவு இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அவள் வாயைத் திறந்தது வியாழக்கிழமை சாயந்தரம்.

என் வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறார். வீட்டில் அதிகம் பேசுகிறவர் இல்லை. "நீயே பேசிப்போடு. ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் நீதானே புத்தி சொல்றே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அவர் குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் புத்தி என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஹாஸ்டலோடு கூடிய ஒரு தனியார் பள்ளியில் நான் டிராயிங் டீச்சர். பதினாறு வருடமாகிறது. காற்று ஒரு பக்கம் திரும்பினால் கோழிப்பண்ணை வாசனை வரும், இன்னொரு பக்கம் திரும்பினால் ஹாஸ்டல் சாம்பார் வாசனை வரும். பிள்ளைகள் காலை ஐந்து மணிக்கு எழுந்து படிக்க உட்காருவார்கள். எல்லா வகுப்புக்கும் வாரத்துக்கு ஒரு டிராயிங் பீரியட் கால அட்டவணையில் இருக்கிறது. அட்டவணையில் மட்டும்தான் இருக்கிறது. நான் சாக்பீஸ் டப்பாவோடு வகுப்பு வாசலுக்குப் போகும்போது, உள்ளே பிசிக்ஸ் சார் ஏற்கெனவே போர்டில் பாதியை நிரப்பியிருப்பார். "மிஸ், ஒரு சின்ன போர்ஷன் பாக்கி" என்பார். நான் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். முதல் இரண்டு வருடம் கோபப்பட்டேன். பிறகு சாக்பீஸ் டப்பாவை எடுத்துப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

என் வேலை வேறு. ஆண்டு விழாவுக்கு மேடை அலங்காரம், சான்றிதழில் பெயர் எழுதுவது, பயாலஜி மிஸ்ஸுக்கு இதயம், சிறுநீரகம், தவளையின் செரிமான மண்டலம். கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "டீச்சர்" என்பேன். என்ன பாடம் என்றால் "எல்லாம் எடுப்பேன்" என்று பேச்சை மாற்றிவிடுவேன். விண்ணப்பப் படிவங்களிலும் அப்படித்தான், 'ஆசிரியை' என்று எழுதி நிறுத்திவிடுவேன்.

வருடத்துக்கு ஒரு முறை ஆய்வுக்கு ஆள் வருவார்கள். டிராயிங் பீரியட் நடந்ததற்கு நோட்டு காட்ட வேண்டும். நடக்காத பீரியடுக்கு நோட்டு எங்கிருந்து வரும்? ஒரு வாரத்துக்கு முன்னால் ஒரு வகுப்பின் நாற்பத்தெட்டு நோட்டுகளையும் கட்டி என் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாம்பழம், பூந்தொட்டி, கிராமத்துக் காட்சி, தேசியக்கொடி என்று நாற்பத்தெட்டு தடவை நானே வரைய வேண்டும். எல்லாம் ஒரே கையாகத் தெரியக் கூடாது. சிலதை இடது கையால் வரைவேன், சிலதை வேண்டுமென்றே கோணலாக. அதற்கு நானே 'நன்று' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்தும் போடுவேன். இதைவிடக் கேவலமான வேலை ஒன்று உண்டா என்று தெரியவில்லை.

என் மகள் வரையக் கற்றது இந்த நோட்டுகளில்தான். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு உட்கார்ந்து அவளும் வரைவாள். என்னைவிட நன்றாகவே ஏமாற்றுவாள். "இவன் இப்படிப் போட மாட்டாம்மா. இவன் அவசரக்காரன், கலர் கோட்டுக்கு வெளியில போயிரும்" என்று சொல்லி, அந்தப் பையன் எப்படி வரைவானோ அப்படியே வரைவாள். ஒவ்வொரு பிள்ளையின் குணமும் அவளுக்குத் தெரியும். ஆசிரியர் பிள்ளை என்று கட்டணம் குறைத்து அவளும் அதே பள்ளியில்தான் படித்தாள். எனக்கு நாற்பத்தெட்டும் நோட்டு. அவளுக்கு நாற்பத்தெட்டும் ஆள்.

எங்கள் தாளாளர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளின் பெயரெல்லாம் நினைவில் வைத்திருப்பார். ஆனால் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் அவருக்கு ஒரு தலைவலி வரும். நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர், ஃபர்ஸ்ட் குரூப் வேண்டாம், வரைகிற படிப்பு வேண்டும் என்று கிளம்பிவிடுவார்கள். சென்னையில் ஓவியக் கல்லூரி இருக்கிறதாம், அனிமேஷன் இருக்கிறதாம் என்று எங்கேயாவது பார்த்துவிட்டு வருவார்கள். தாளாளர் சொல்லிப் பார்ப்பார், பெற்றோர் அழுது பார்ப்பார்கள். ஒரு வருடம் அப்படி ஒரு பையன் எதற்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, தாளாளர் சலித்துப்போய், "சரி, போய் டிராயிங் மிஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார். நான் அவனிடம் மனதில் பட்டதைச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பயோ மேத்ஸுக்கு ஒப்புக்கொண்டான். தாளாளர் அசந்துபோனார். அன்றிலிருந்து அது பள்ளியின் வழக்கமாகிவிட்டது.

டிராயிங் ரூம் என்று பலகை தொங்கும் அறைக்குள் பாதி இடத்தைப் பழைய ஃபிளெக்ஸ்கள் அடைத்திருக்கும். மீதியில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு பீரோ. பிள்ளையும் பெற்றோரும் எதிரே உட்காருவார்கள். முதலில் பிள்ளை வரைந்ததைப் பார்ப்பேன். பாராட்டுவேன். பொய்யாகப் பாராட்டியதில்லை, வருகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகவே வரைவார்கள். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பிப்பேன்.

"என்னையே பாரு சாமி. நானும் உன்னாட்டம்தான் வரைஞ்சேன். டிராயிங்ல லோயர் பரீட்சை எழுதுனேன், ஹையர் எழுதுனேன், டீச்சர் டிரெய்னிங் போனேன். கவர்மென்ட் வேலை வருது வருதுன்னு பாத்துட்டே இருந்தேன். இன்னிக்கு என்ன பண்றேன் தெரியுமா?"

இந்த இடத்தில் எழுந்து பீரோவைத் திறப்பேன். உள்ளே ஒரு தெர்மாகோல் மயில் இருக்கும். ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா பெயின்ட் அடித்து நிறுத்துகிற மயில். தோகையில் பாதி உடைந்து, ஒட்டுப் போட்டு, எலி கடித்த மயில். அதை எடுத்து மேஜைமேல் வைப்பேன். "இதைத்தான் பண்றேன். வரையறது எங்கயும் ஓடிப்போயிடாது சாமி, லீவு நாள்ல வரைஞ்சுக்கோ. இப்போ படிப்பைப் பாரு" என்று முடிப்பேன். தாய்மார்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு அப்பா எனக்கு ஒரு தட்டு முட்டை அனுப்பிவைத்தார்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எனக்கு அலுத்துப்போனதே அதுதான். பொய் சொல்லியிருந்தால் ஒரு நாள் திருந்தியிருக்கலாம்.

சேலத்துக்குப் பக்கத்தில் சேலைக்குப் பேர்போன இளம்பிள்ளைக்குப் போய்வந்த கதையையும் சொல்லியாக வேண்டும். ஆண்டு விழாவுக்கு ஆசிரியைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சேலை எடுப்பது எங்கள் பள்ளியில் பழக்கம். போன வருடம், "நீங்கதான் டிராயிங், கலர் பாத்து எடுத்துட்டு வாங்க" என்று என்னை அனுப்பினார்கள். மொத்தக் கடைக்காரர், டிசைன் மாற்ற வேண்டுமென்றால் மாடிக்குப் போங்கள் என்றார். மாடியில் நான்கு கம்ப்யூட்டர். ஒன்றின் முன்னால் இருந்த பெண் எழுந்து நின்று, "மிஸ், நல்லா இருக்கறீங்களா?" என்றாள்.

எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளே சொன்னாள். ஏழெட்டு வருடத்துக்கு முன் அவள் அப்பாவோடு என் அறைக்கு வந்தவள். ஊரில் எல்லார் வீட்டிலும் சேலை வியாபாரம், ஆகவே ஆடை வடிவமைப்பு படிக்கிறேன் என்று கேட்டவள். நான் மயிலை எடுத்து வைத்தேனாம். பயோ மேத்ஸ் படித்தாள், அப்புறம் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங், அப்புறம் ஒரு வருடம் போட்டித் தேர்வுக்கு கோச்சிங். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் இரண்டு மாதம் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடக் கற்றுக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். கிளம்பிய ஊருக்கே சுற்றி வந்திருக்கிறாள். நான் கேட்ட கத்தரிப்பூ நிறத்தைத் திரையில் வைத்து, பார்டரை இரண்டு விரல் குறைத்து, "இது உங்களுக்கெல்லாம் எடுப்பா இருக்கும் மிஸ்" என்றாள். உண்மையிலேயே எடுப்பாக இருந்தது.

கேட்டிருக்கவே கூடாது. கேட்டுவிட்டேன். "எம்மேல கோவமா கண்ணு?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க மிஸ்" என்றாள். முகத்தில் சிரிப்புதான். "நீங்க என்ன சொன்னீங்கன்னே எனக்கு ஞாபகமில்லீங்க. மயிலை எடுத்து வெச்சீங்கல்ல, அப்போ உங்க மூஞ்சி இருந்துச்சு பாருங்க, அது மட்டும்தான் ஞாபகம். படம் வரையறவங்க கடைசில இப்படித்தான் ஆயிருவாங்களாட்ட இருக்குதுன்னு பயந்துட்டேனுங்க."

நான் சேலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன். அவள்மேல் எனக்கு மூன்று நாள் கோபம். என் மூஞ்சியைப் பற்றிப் பேச இவள் யார்? வீட்டில் மகளிடம் சொல்லித் தீர்த்தேன். அவள், "அந்த அக்கா சொன்னது சரிதாம்மா" என்று சொல்லிவிட்டு அடி வாங்கப் பார்த்தாள். இளம்பிள்ளைக்குப் போய் வந்ததிலிருந்து நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். மே மாதம் வந்தது, மூன்று பிள்ளைகளை அனுப்பினார்கள், மூன்று பேரிடமும் பேசினேன். அதற்குத்தான் சம்பளம். மயிலை மட்டும் எடுக்கவில்லை. மயில் இல்லாமலேயே ஒப்புக்கொண்டார்கள்.

இந்த வருடம் என் வீட்டிலேயே ஒருத்தி நிற்கிறாள்.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நான் தொண்டையைச் செருமியதும், "இரும்மா, நானே சொல்லிர்றேன்" என்று எழுந்து நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. என்னைப் போலத் துடைப்பதாகக் காட்டினாள். "என்னையே பாரு சாமி" என்று ஆரம்பித்தாள். என் இழுவை, என் பெருமூச்சு, பென்சிலை வைக்கிற விதம், எல்லாம் அப்படியே. பள்ளி பஸ்ஸுக்காகத் தினமும் என் அறை வாசலில் காத்திருந்தவள்தானே, எத்தனை தடவை கேட்டிருப்பாளோ. ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு முட்டைக்கோஸை எடுத்து மயிலுக்குப் பதிலாக மேஜைமேல் வைத்தபோது அவள் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் அவமானமாக இருந்தது.

"சரி, கேலி போதும். அந்த குரூப் எடுத்தா டாக்டருக்குப் போக முடியாது" என்றேன்.

"போகலையே."

"இன்ஜினியரிங் நினைச்ச எடத்துல கெடைக்காது."

"அதுக்கும் போகலையே."

"பயாலஜி உனக்கு நல்லா வருதே?"

"பயாலஜி படம் நல்லா வருதும்மா. பயாலஜி வரலை."

"நாளைக்கு வேலை கெடைக்கலைன்னா?"

"தேடுவேன். அந்த இளம்பிள்ளை அக்கா இன்ஜினியரிங் முடிச்சுட்டும் தேடுனாங்கல்ல?"

பதில் சொல்ல முடியாத இடத்தில் அப்பா அம்மாக்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தேன். "அதெல்லாம் முடியாது. பயோ மேத்ஸ். அவ்வளவுதான்" என்று கத்தினேன். அவள் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை தாளாளருக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. "மிஸ், உங்க பொண்ணு இங்கயே பயோ மேத்ஸ் படிக்கட்டும். ஃபீஸைப் பத்தி நீங்க நெனைக்கவே வேண்டாம்" என்றார். இரண்டு வருடப் படிப்பு இலவசம். பக்கத்தில் இருந்த பிசிக்ஸ் சார், "டிராயிங் மிஸ் பொண்ணே டிராயிங்குக்குப் போனா, அப்புறம் மத்த புள்ளைங்ககிட்ட என்னன்னு சொல்றது?" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். இருந்தாலும் அது உண்மை. அவளை அந்த குரூப்பில் சேர்த்தால் என் பேச்சுக்கு மரியாதை போய்விடும். இந்தப் பள்ளியில் எனக்கு இருந்த ஒரே மரியாதை அந்தப் பேச்சுதான்.

கலை சம்பந்தமான பாடம் எடுத்தால் பிழைப்புக்கு வழி அடைபடுமா என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அடைபடும் என்றே சொல்லிவந்தேன். சில வழிகள் அடைபடத்தான் செய்கின்றன, அதில் சந்தேகம் இல்லை. அரசு வேலைக்குக் காத்திருந்து தலை நரைத்த என் வயதுக்காரர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தவர்களுக்கு எல்லா வழியும் திறந்திருந்ததா என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எங்கள் பள்ளியில் படித்துப் போன இன்ஜினியர்களை ராசிபுரம் செல்போன் கடையில் பார்க்கிறேன், புக்கிங் ஆபீஸில் என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் யாரையும் மேஜைமேல் எடுத்து வைத்து, "இவரையே பாரு சாமி" என்று யாரும் காட்டுவதில்லை. காட்டுவதற்கு நான் மட்டும்தான் இருந்தேன்.

சனிக்கிழமை மதியம் பரணைச் சுத்தம் செய்கிற சாக்கில் ஏறினேன். வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. இவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஆய்வுக்குக் கொடுத்த அவள் வகுப்பு நோட்டுக் கட்டு அங்கே கிடந்தது. ஆய்வு முடிந்தபின் பள்ளியில் வைக்க இடமில்லை என்று என் தலையில் கட்டியது. அந்த வருடம் எனக்குக் காய்ச்சல். முழு வகுப்பையும் அவளே வரைந்தாள். கட்டைப் பிரித்துப் பார்த்தேன். அவசரக்காரப் பையனின் மாம்பழத்தில் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது. பயந்தாங்கொள்ளிப் பெண் ஒருத்தியின் பூந்தொட்டி தாளின் மூலையில் ஒண்டியிருந்தது. ஒரு பையன் கிராமத்துக் காட்சியில் லாரியை வரைந்திருந்தான், அதாவது அவன் அப்படித்தான் வரைவான் என்று இவள் வரைந்திருந்தாள். பார்த்துக்கொண்டே வந்தேன். கட்டின் அடியில் அவள் பெயர் போட்ட நோட்டு இருந்தது. திறந்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு படமும் இல்லை.

எல்லாருக்கும் வரைந்துவிட்டுத் தனக்கு வரைய நேரமில்லாமல் போயிருக்கிறது. ஆய்வுக்கு வந்தவர் மேலாக நான்கைந்து நோட்டைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார். அம்மாவான நானும் பார்க்கவில்லை. வெற்றுப் பக்கத்தின் கீழே சிவப்பு மையில் 'நன்று' என்று என் கையெழுத்து இருந்தது. காய்ச்சலில் கட்டாகப் போட்டுக் கையெழுத்து வைத்துக்கொண்டே போயிருக்கிறேன்.

பரணில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. அதைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது என்றால் கதையாகிவிடும். மாறவில்லை, பயம்தான் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து திரும்பும்போது, "நாளைக்குக் காலையில கிளம்பி இரு" என்று மட்டும் அவளிடம் சொன்னேன். பள்ளிக்கு லீவு சொன்னேன். என்ன காரணம் என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். அதற்குக்கூட உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அரசுப் பள்ளியில் கூட்டம் இல்லை. தலைமை ஆசிரியை மார்க் பட்டியலைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இத்தனை மார்க் வாங்கிட்டு எதுக்குங்க இந்த குரூப்? ஊட்டுல நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சோங்க மேடம்."

"நான் வேண்டாம்னு சொல்லலை. நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது பாருங்க. ஒண்ணு பண்ணுங்க" என்று விண்ணப்பத்தைத் திருப்பி என்னிடமே நீட்டினார். "கடைசி ரூம்ல எங்க டிராயிங் மிஸ் இருக்காங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த அறையிலேயே சிரித்திருப்பேன், இல்லை அழுதிருப்பேன்.

கடைசி அறைக்குள் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய சைக்கிள்கள் பாதி இடத்தை அடைத்திருந்தன. மீதியில் ஒரு மேஜை, நாற்காலிகள், ஒரு பீரோ. என் வயதுதான் அந்த அம்மாவுக்கு. பகுதி நேர ஆசிரியை, வாரத்தில் சில அரை நாள் மட்டும் வருகிறவர். எங்களை உட்காரச் சொன்னார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. நாற்காலி தாழ்வாக இருந்தது.

"என்ன கண்ணு வரைவே? கொண்டாந்திருக்கியா?"

மகள் தன் நோட்டைக் கொடுத்தாள். அந்த அம்மா நிதானமாகப் புரட்டினார். "நல்லா வருது கண்ணு. கை நல்லா ஓடுது" என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. பிறகு நோட்டை மூடி, இரண்டு கையையும் அதன்மேல் வைத்தார். அடுத்தது என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். மகள் மேஜைக்கு அடியில் என் முழங்காலைக் கிள்ளினாள்.

"என்னையே பாரு கண்ணு" என்றார் அந்த அம்மா. "நானும் உன் வயசுல இப்படித்தான் இருந்தேன்." அவர் பேச்சிலும் லோயர் வந்தது, ஹையர் வந்தது, வேலை வருது வருது என்று காத்திருந்த கதை வந்தது. பிறகு எழுந்து பீரோவைத் திறந்தார். உள்ளேயிருந்து 'நல்வரவு' என்று வெட்டிய தெர்மாகோல் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்க ஆரம்பித்தார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன்.

இளம்பிள்ளைப் பெண் பார்த்த முகம் இதுதான். அந்த அம்மா எங்களிடம் பேசவே இல்லை. யாரோ எப்போதோ தன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்த பிள்ளைகள் எல்லாம் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். பதினைந்து வயதில் இந்த முகத்தை எதிரே வைத்துக்கொண்டு யாரால்தான் படம் வரையப் போகிறேன் என்று சொல்ல முடியும்?

அவர் பேசி முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நீங்க என்ன பண்றீங்கம்மா?"

"நானும் டிராயிங் டீச்சர்தாங்க."

கையிலிருந்த எழுத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, அப்போ நீங்களே இதையெல்லாம் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிட்டுத்தான் இருக்கேனுங்க. வருசக்கணக்கா."

அவருக்குப் புரிந்துவிட்டது. என்னையும் பார்த்தார், தெர்மாகோல் எழுத்துகளையும் பார்த்தார். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். திரும்பி உட்கார்ந்தபோது அவர் குரல் வேறாக இருந்தது.

"தெரிஞ்சேதான் சேக்கறீங்களா?"

"ஆமாங்க."

"பயமா இல்லீங்களா?"

"இருக்குதுங்க" என்றேன். "ரொம்ப இருக்குதுங்க."

அவர் விண்ணப்பத்தின் ஓரத்தில் 'பேசினேன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் மகளிடம், "ஜூன்ல வா சாமி. செவ்வாக்கெழமை நான் இருப்பேன்" என்றார். அந்தப் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தலைமை ஆசிரியையின் மேஜையில் படிவத்தைப் பூர்த்தி செய்தேன். பெயர், முகவரி, விரும்பும் பிரிவு. கடைசியில் தாயின் தொழில் என்று ஒரு கட்டம். பழக்கத்தில் 'ஆசிரியை' என்று எழுதிவிட்டேன். மகள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் 'ஓவிய' என்று நெருக்கி எழுதினேன். இடம் போதவில்லை, எழுத்து கட்டத்தின் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. அப்படியே கொடுத்துவிட்டேன்.